கதவைக் காத்தவர்கள்: இத்தாலியக் கால்பந்தின் பெருவீரர்களும் சென்னை அத்தியாயமும்

இத்தாலியின் ஆண்கள் கால்பந்து அணி 1934, 1938, 1982, 2006 என நான்கு முறை உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. ஐரோப்பியக் கோப்பையை 1968இலும், ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடந்த 2020ஆம் ஆண்டுப் போட்டியிலும் கைப்பற்றியது. அந்த அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1910 மே 15 அன்று மிலான் நகரில் நடந்தது. பிரான்ஸை 6–2 என வென்ற அன்று வீரர்கள் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அரச குடும்பமான சவோய் வம்சத்தின் நீலம் சட்டைக்கு வந்து, இன்றுவரை நிலைத்துவிட்டது.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் யார் பெரியவர் என்று கேட்டால், பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சொல்வதுபோல் கோல் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. இத்தாலிக்காக மிக அதிக கோல் அடித்தவர் லூயிஜி ரீவா. 42 ஆட்டங்களில் அவர் அடித்தவை 35 கோல்கள். 1970களின் தொடக்கத்தில் நின்ற அந்தக் கணக்கை ஐம்பது ஆண்டுகளாக யாரும் தாண்டவில்லை. பிரேசிலுக்குப் பெலே அடித்த 77, ஜெர்மனிக்கு மிரோஸ்லாவ் க்ளோஸ அடித்த 71 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் 35 சிறிய எண். அதேசமயம், இத்தாலிக்காக அதிக ஆட்டங்கள் ஆடிய முதல் மூவரைப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது: ஜியான்லூயிஜி புஃபோன் 176, ஃபாபியோ கன்னவாரோ 136, பாவ்லோ மால்தினி 126. ஒருவர் கோல்கீப்பர், மற்ற இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். கோல் விடாமல் காப்பதை ஒரு கலையாக வளர்த்து, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்ததே இத்தாலி கால்பந்துக்குத் தந்த பெருங்கொடை. அதன் முன்கள வீரர்களின் பெருமையும் இந்தப் பின்னணியில்தான் முழுதாகப் புரியும்.

முதல் தலைமுறை: மெயாட்சாவும் பியோலாவும்

இத்தாலிய லீக்கான சீரி ஆ இன்றைய வடிவில் தொடங்கியது 1929–30 பருவத்தில். அந்த முதல் பருவத்திலேயே 31 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்தவர் இன்டர் மிலானின் ஜுசெப்பே மெயாட்சா. அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. 1910இல் மிலானில் பிறந்த அவர், எதிரணி கோல்கீப்பரை முன்னால் வரவழைத்து, கடைசி நொடியில் ஏமாற்றிப் பந்தை உள்ளே தள்ளுவதில் வல்லவர். பயிற்சியாளர் வித்தோரியோ பொட்சோ அவரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கோல் அடிப்பதோடு அடுத்தவருக்கு வாய்ப்பு உருவாக்கும் வேலையையும் கொடுத்தார். 1934, 1938 என அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்று கொடுத்த பொட்சோவின் சாதனையை ஆண்கள் உலகக் கோப்பையில் வேறெந்தப் பயிற்சியாளரும் எட்டவில்லை. இரண்டு அணிகளிலும் மெயாட்சா இருந்தார். 1938இல் அவரே கேப்டன்.

அந்த 1938 போட்டியின் அரையிறுதியில், மர்ஸேய் நகரில் பிரேசிலுக்கு எதிராக இத்தாலிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மெயாட்சா பந்தை வைக்கும் நேரத்தில் அவருடைய கால்சட்டையின் எலாஸ்டிக் அறுந்துவிட்டது என்றும், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து பந்தை உதைத்தார் என்றும் சொல்வார்கள். பந்து உள்ளே போனது. இத்தாலி 2–1 என வென்றது. இறுதியில் ஹங்கேரியை 4–2 என வீழ்த்தியபோது சில்வியோ பியோலா இரண்டு கோல்கள் அடித்தார். சீரி ஆவில் பியோலா அடித்த 274 கோல்கள் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை. மெயாட்சா தேசிய அணிக்கு 53 ஆட்டங்களில் 33 கோல்கள் அடித்து, ரீவாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறார். அவர் 1979இல் மறைந்தார். மறு ஆண்டே மிலானின் சான் சீரோ அரங்குக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அந்தக் காலத்தின் நிழலையும் சொல்லியாக வேண்டும். 1934 போட்டியை முசோலினியின் ஆட்சி தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அர்ஜென்டினாவில் பிறந்த இத்தாலிய வம்சாவளி வீரர்கள் அணியில் சேர்க்கப்பட்டார்கள். 1930 இறுதியில் அர்ஜென்டினாவுக்காக ஆடிய லூயிஸ் மோன்டி, 1934 இறுதியில் இத்தாலிக்காக ஆடினார். ஆட்சியின் கறை அந்த வெற்றிகளின் மேல் இருக்கிறது. ஆனால் மெயாட்சாவின் கால் நுணுக்கம் எந்த ஆட்சியும் கொடுத்ததல்ல.

டொரினோ: ஒரு மலைமேல் முடிந்த அணி

1940களில் இத்தாலியின் சிறந்த அணி டூரின் நகரின் டொரினோ. போர்க்கால இடைவெளியைக் கழித்தால் தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்ற அணி அது. 1947 மே மாதம் இத்தாலி ஹங்கேரியோடு ஆடியபோது களமிறங்கிய 11 பேரில் 10 பேர் டொரினோ வீரர்கள். அவர்களுக்குக் கேப்டன் வாலெந்தினோ மட்சோலா. தடுப்பது, பந்தைப் பறிப்பது, கொண்டுபோவது, கோல் அடிப்பது என மைதானத்தின் எந்த மூலையிலும் அவருக்கு வேலை இருந்தது.

டொரினோவின் ஃபிலடெல்ஃபியா அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் மந்தமாகப் போனால் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுவார். அந்த ஒலி கேட்டதும் மட்சோலா தன் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுவார். அடுத்த கால் மணி நேரம் டொரினோவின் கால் மணி நேரம். எதிரணியால் மூச்சுவிட முடியாது.

1949 மே 4 அன்று லிஸ்பனில் நட்பு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிய விமானம், மூடுபனியில் டூரினை அடுத்த சூப்பெர்கா மலையிலுள்ள தேவாலயத்தின் பின்சுவரில் மோதியது. 18 வீரர்கள் உட்பட 31 பேரும் இறந்தார்கள். உடல்களை அடையாளம் காட்டும் துயரம், அந்த வீரர்களைத் தேசிய அணிக்கு வளர்த்த பொட்சோவுக்கு வந்தது. மீதமிருந்த நான்கு லீக் ஆட்டங்களையும் டொரினோவின் இளைஞர் அணி ஆடியது. மரியாதை நிமித்தம் எதிரணிகளும் தங்கள் இளைஞர் அணியையே இறக்கின. அடுத்த ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இத்தாலிய அணி விமானத்தைத் தவிர்த்துக் கப்பலில் போனது. விபத்து நடந்தபோது மட்சோலாவின் மகன் சாந்த்ரோவுக்கு ஆறு வயது. அந்தச் சிறுவன் வளர்ந்து இன்டர் மிலானுக்காக 1964, 1965 ஆண்டுகளில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பைகளை வென்றான்.

தாழ்ப்பாள்: தடுப்பாட்டம் ஒரு முறையானது

கத்தெனாச்சோ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கதவின் தாழ்ப்பாள் என்று பொருள். 1930களில் சுவிட்சர்லாந்தில் கார்ல் ராப்பன் என்ற பயிற்சியாளர் கையாண்ட உத்தி இத்தாலிக்கு வந்து முழு வடிவம் பெற்றது. ஏ.சி. மிலானில் நேரெயோ ரோக்கோவும், இன்டரில் ஹெலேனியோ ஹெரேராவும் அதைக் கூர்தீட்டினார்கள். அதன் அடிப்படை எளிது. தடுப்பாட்டக்காரர் ஒவ்வொருவரும் எதிரணியின் ஒரு முன்கள வீரரை நிழல்போல் தொடர்வார். அவர்களுக்குப் பின்னால், யாரையும் தொடரும் கடமையில்லாத ஒருவர் நிற்பார். அவர் பெயர் லிபெரோ, அதாவது கட்டற்றவர். முன்வரிசை எங்கே உடைந்தாலும் அங்கே போய் அடைப்பது அவர் வேலை.

காவிரிப் படுகையில் வாழ்வோர்க்கு இந்த வேலை புதிதல்ல. நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. வெள்ள நாளில் எந்த ஷட்டரை எவ்வளவு ஏற்றுவது, எதை இறக்குவது என்பது தண்ணீர் தலைப்பைத் தொடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வந்த பிறகு ஓடினால் கீழே எங்காவது கரை உடையும். மேலிருந்து வரும் வரத்தைக் கணித்து நிற்கும் மதகுப் பணியாளரான லஸ்கரைப் போன்றவர்தான் லிபெரோ. அவர் வேகமாக ஓடுவதைவிட, ஓடத் தேவையில்லாத இடத்தில் முன்பே நிற்பதுதான் அவருடைய திறமை.

தாழ்ப்பாள் முறை கோல் அடிப்பதை மறந்தது என்ற பழி உண்டு. அந்தப் பழிக்குப் பதில் இன்டரின் ஜியாச்சிந்தோ ஃபக்கெத்தி. இடது ஓரத் தடுப்பாட்டக்காரரான அவர், பந்தைப் பறித்த கையோடு எதிரணி எல்லைவரை ஓடிவிடுவார். இன்டருக்காக லீக்கில் மட்டும் 59 கோல்கள் அடித்தார். ஓரத் தடுப்பாட்டக்காரர் தாக்குதலிலும் பங்கெடுப்பது இன்று உலகெங்கும் சாதாரணம். அதற்கு வழி காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஃபக்கெத்தி. தேசிய அணிக்கு 94 ஆட்டங்கள் ஆடிய அவர் 1968இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். அப்போட்டியின் அரையிறுதி நேப்பிள்ஸில் சோவியத் யூனியனோடு கோல் இல்லாமல் முடிந்தது. பெனால்டி முறை அன்று இல்லை. நடுவர் இரு கேப்டன்களையும் உள்ளே அழைத்துப்போய் நாணயம் சுண்டினார். ஃபக்கெத்தி கேட்ட பக்கம் விழுந்தது.

மறுபக்கம், கலைநயத்தின் உருவமாக ஏ.சி. மிலானின் ஜியானி ரிவேரா இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் இத்தாலிக்காக ஆடியவர் அவர். இந்திய அணி கடைசியாக ஆடிய ஒலிம்பிக் கால்பந்தும் அதுதான். பி.கே. பானர்ஜி தலைமையில், தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜும் இடம்பெற்றிருந்த அந்த அணி பிரான்ஸோடு 1–1 எனச் சமன் செய்தது. ரிவேரா மிலானுக்காக 1963, 1969 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார்; 1969இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் பெற்றார்.

1970 உலகக் கோப்பை அரையிறுதி மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் நடந்தது. மேற்கு ஜெர்மனியோடு 1–1 என முடிந்த ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஐந்து கோல்கள் விழுந்தன. 110ஆவது நிமிடத்தில் கெர்ட் முல்லர் தலையால் தட்டிய பந்து, கோல் கம்பத்தை ஒட்டி நின்ற ரிவேராவைத் தாண்டி உள்ளே போனது, 3–3. தன்னால் போன கோலைத் தானே மீட்பதுபோல் ரிவேரா நடுக்களத்திலிருந்து முன்னேறி, அடுத்த நிமிடமே கோல் அடித்தார். 4–3 என முடிந்த அந்த ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்று குறிக்கும் பலகை அரங்கில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியில் பயிற்சியாளர் ரிவேராவையும் சாந்த்ரோ மட்சோலாவையும் பாதிப் பாதி நேரம் என மாற்றி மாற்றியே பயன்படுத்தினார். பிரேசிலிடம் 4–1 எனத் தோற்ற இறுதியில் ரிவேராவுக்குக் கிடைத்தது கடைசி ஆறு நிமிடம். அழகையும் கட்டுப்பாட்டையும் ஒரே அணியில் எப்படி வைப்பது என்ற கேள்வி இத்தாலியை விட்டுப் போகவே இல்லை.

அதே அணியின் முன்கள வீரர்தான் ரீவா. பெரிய கிளப்புகள் அழைத்தும் சார்டீனியத் தீவின் கால்யாரி கிளப்பை விட்டு அவர் போகவில்லை. 1969–70இல் அந்தச் சிறிய கிளப்புக்கு அதன் ஒரே லீக் பட்டத்தை வென்று கொடுத்தார்.

1982: ஸோஃப், ஷிரேயா, ரோஸ்ஸி

ஸ்பெயினில் நடந்த 1982 உலகக் கோப்பையில் இத்தாலி முதல் மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து, தட்டுத் தடுமாறித்தான் இரண்டாம் சுற்றுக்குள் வந்தது. முன்கள வீரர் பாவ்லோ ரோஸ்ஸி பந்தய ஊழல் வழக்கில் இரண்டு ஆண்டுத் தடை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். தான் குற்றமற்றவர் என்று அவர் கடைசிவரை சொன்னார். ஜூலை 5 அன்று பார்சிலோனாவில் ஜீக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ ஆடிய பிரேசிலை எதிர்த்து ரோஸ்ஸி மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் 3–2. கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார் நாற்பது வயது கோல்கீப்பர் டினோ ஸோஃப். ரோஸ்ஸியின் மூன்று கோலும் ஸோஃபின் அந்த ஒரு பிடியும் சேர்ந்ததுதான் அந்த வெற்றி. அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் ஒன்று என ரோஸ்ஸி மொத்தம் ஆறு கோல்களோடு போட்டியை முடித்தார். அவ்வாண்டின் தங்கப் பந்தும் அவருக்கே.

ஸோஃப் 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் தொடர்ந்து 1,142 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடாமல் காத்தவர். 1982 கோப்பையை ஏந்தியபோது, உலகக் கோப்பை வென்ற வீரர்களிலேயே மூத்தவர் ஆனார்.

அவருக்கு முன்னால் லிபெரோவாக நின்றவர் ஜுவென்டஸின் கயெத்தானோ ஷிரேயா. தடுப்பாட்டம் என்றால் முரட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். தன் விளையாட்டு வாழ்க்கை முழுவதிலும் ஒரு முறைகூட அவர் களத்தைவிட்டு வெளியேற்றப்படவில்லை. மேற்கு ஜெர்மனியை 3–1 என வென்ற இறுதியில் இரண்டாவது கோல் விழுந்த விதம் அவரைப் புரியவைக்கும். அணியின் கடைசிக் காவலர் அந்த நேரம் நின்றது எதிரணியின் பெனால்டி எல்லைக்குள். பதினெட்டு வயது பெர்கோமியோடு பந்தைக் கொடுத்து வாங்கி, ஷிரேயா அதை மார்கோ தர்தெல்லிக்குத் தள்ளினார். தர்தெல்லி அடித்துவிட்டுக் கைகளை ஆட்டி அலறியபடி ஓடிய காட்சிதான் உலகுக்கு நினைவிருக்கிறது. அந்த அலறலுக்கு முந்தைய அமைதியான பாஸ் ஷிரேயாவுடையது. 1989 செப்டம்பரில் போலந்தில் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தார், வயது 36.

மிலானின் சுவர்: பரேசியும் மால்தினியும்

1980களில் சீரி ஆ உலகின் பணக்கார லீக் ஆனது. மரடோனா, பிளாட்டினி, வான் பாஸ்டன் எனப் பெரிய தாக்குதல் வீரர்கள் பலரும் அங்கே வந்தார்கள். இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்கள் ஞாயிறுதோறும் உலகின் மிகச் சிறந்தவர்களை எதிர்கொண்டு பழகினார்கள். அந்தக் காலம் பெரும் தடுப்பாட்டக்காரர்களை வரிசையாகத் தந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இளம் வயதில் இன்டர் வேண்டாம் என்று அனுப்பிய ஃபிராங்கோ பரேசியை ஏ.சி. மிலான் எடுத்துக்கொண்டது. அந்தக் கிளப் இரண்டு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் அதை விட்டுப் போகவில்லை. 1987இல் பயிற்சியாளராக வந்த அர்ரிகோ சாக்கி, ஆளுக்கு ஆள் தொடரும் பழைய முறையைக் கைவிட்டு, நான்கு தடுப்பாட்டக்காரர்களை ஒரே கோட்டில் நிறுத்தினார். பரேசி கையை உயர்த்தினால் நால்வரும் ஒரே அடியில் முன்னே வருவார்கள். எதிரணி முன்கள வீரர் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார். மிலான் 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது. பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ காலத்தில், 1993–94 லீக் பருவத்தின் 34 ஆட்டங்களில் அந்த அணி விட்டது 15 கோல்கள் மட்டுமே.

1994 அமெரிக்க உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் பரேசியின் முழங்கால் சவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நான்கு வாரம்கூட ஆகாத நிலையில் ஜூலை 17 அன்று இறுதியில் இறங்கினார். கலிஃபோர்னியாவின் உச்சி வெயிலில் 120 நிமிடங்கள் பிரேசிலின் ரொமாரியோவையும் பெபெட்டோவையும் கோல் அடிக்கவிடவில்லை. பிறகு பெனால்டியில் முதலில் உதைத்த அவருடைய பந்து கம்பத்துக்கு மேலே போனது. கடைசியாக உதைத்த ரொபெர்த்தோ பாஜியோவின் பந்தும் அப்படியே போனது. கோப்பை பிரேசிலுக்குப் போனது. பாஜியோ இல்லாமல் இத்தாலி அந்த இறுதிக்கே வந்திருக்காது. நைஜீரியாவுக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில் சமன் செய்தது தொடங்கி, வெளியேற்றச் சுற்றுகளில் ஐந்து கோல்களை அவர் அடித்திருந்தார். 1993இல் தங்கப் பந்து பெற்ற, பந்தோடு பேசத் தெரிந்த அந்த வீரரை ஒரு தவறிய உதையால் அளப்பது அநியாயம்.

பரேசியின் பக்கத்தில் நின்று கற்றவர் பாவ்லோ மால்தினி. அப்பா செசாரே 1963இல் மிலானின் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். நாற்பது ஆண்டு கழித்து 2003இல் மகன் அதே கிளப்பின் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கினார். 1985 முதல் 2009 வரை ஒரே கிளப்புக்கு 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், ஏழு லீக் பட்டங்கள். வலது காலுக்குப் பழகியவர் இடது ஓரத்தில் ஆடி உலகின் சிறந்தவர் ஆனார். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் நிலைக்கே போகாமல், உடலைத் திருப்பி நிற்கும் கோணத்தாலேயே எதிரியின் வழியை அடைப்பது அவர் பாணி. உலகக் கோப்பை மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை.

2006: ஒருவர் விலகிய இடத்தில் ஒருவர்

2006இல் இத்தாலிய லீக் ஆட்ட முடிவு மோசடி விசாரணையில் குலுங்கிக்கொண்டிருந்தபோது தேசிய அணி ஜெர்மனிக்குப் புறப்பட்டது. ஏழு ஆட்டங்களில் அது விட்ட கோல்கள் இரண்டே. ஒன்று தன் அணி வீரரே தவறிப் போட்டது, மற்றொன்று இறுதியில் பிரான்ஸின் ஜிடான் அடித்த பெனால்டி. கோல்கீப்பர் புஃபோனைத் தாண்டி, ஓடும் ஆட்டத்தில் எந்த எதிரணி வீரரும் கோல் அடிக்கவில்லை. நடுக்களத்தில் ஆந்த்ரேயா பிர்லோ ஆட்டத்தின் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் கால் முறிந்து உலோகத் தகடு பொருத்தப்பட்ட ரோமாவின் ஃபிரான்செஸ்கோ டோட்டி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நொடிப் பெனால்டியால் அணியைக் காப்பாற்றினார்.

கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ ஆறடியைத் தொடாத உயரத்தோடு ஆகாயப் பந்துகளை வென்றவர். டார்ட்மண்டில் ஜெர்மனியோடு நடந்த அரையிறுதியின் கடைசி நிமிடத்தில், வந்த பந்தைத் தலையால் வெளியே தட்டினார். அது ஜெர்மானியர் காலுக்குப் போகும் முன் தானே ஓடி மீண்டும் பறித்தார். அங்கிருந்து டோட்டி, ஜிலார்டினோ வழியாகப் போன பந்தை, களத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்த அலெஸ்ஸாந்த்ரோ டெல் பியரோ உள்ளே வளைத்தார். 2–0. அவ்வாண்டின் தங்கப் பந்து கன்னவாரோவுக்குக் கிடைத்தது. மையத் தடுப்பாட்டக்காரருக்கு அது மிக அரிதாகவே கிடைக்கும் விருது.

கன்னவாரோவின் இணையாக அந்தப் போட்டியைத் தொடங்கியவர் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா. லாசியோவில் வளர்ந்து மிலானுக்கு வந்து, 2003, 2007 ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற அவரைத் தம் காலத்தின் மிக நேர்த்தியான மையத் தடுப்பாட்டக்காரர் என்று பலரும் சொல்வார்கள். 1998, 2002 உலகக் கோப்பைகளைக் காயத்தால் பாதியில் விட்ட அவர், 2006 ஜூன் 22 அன்று செக் குடியரசுக்கு எதிராக மூன்றாம் முறையாகக் காயத்தோடு வெளியேறினார். மாற்றாக இறங்கியவர் இன்டரின் மார்கோ மட்டராஸி. இறங்கிய சில நிமிடங்களிலேயே அவர் தலையால் கோல் அடித்தார். பெர்லின் இறுதியில் பிரான்ஸுக்கு எதிரான சமன் கோலும் அவர் தலையிலிருந்தே வந்தது. கூடுதல் நேரத்தில் ஜிடான் முட்டிய நெஞ்சும் அவருடையதே. பெனால்டியில் இத்தாலியின் ஐவரும் தவறவில்லை. மட்டராஸியும் டெல் பியரோவும் அவர்களில் இருவர். பிரான்ஸின் டேவிட் ட்ரெசகே அடித்தது மேல்கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. 5–3.

சென்னை அத்தியாயம்

பெர்லின் இரவின் பாத்திரங்கள் எட்டு ஆண்டு கழித்து இந்தியாவில் கூடினார்கள். 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் டெல்லி டைனமோஸ் அணிக்கு டெல் பியரோவும், புனே அணிக்கு ட்ரெசகேயும் ஆடினார்கள். சென்னையின் எஃப்சி அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் மட்டராஸி. 2016இல் டெல்லி அணிக்கு மற்றொரு 2006 வெற்றியாளரான ஜியான்லூகா ஸாம்ப்ரோட்டா பயிற்சியாளரானார்.

பருவத்தின் பிற்பகுதியில் மட்டராஸி தன் பழைய தோழரை அழைத்தார். ஓய்வு பெற்றிருந்த நெஸ்டா 38 வயதில் சென்னை வந்து, பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கில் இறங்கினார். எவருடைய காயத்தால் மட்டராஸிக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்ததோ, அவரே மட்டராஸியின் அணிக்கு ஆட வந்தது இந்த அத்தியாயத்தின் அழகான திருப்பம். சென்னை அந்த லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரள அணியிடம் கொச்சியில் 3–0 எனத் தோற்று, சென்னையில் மூன்று கோல்களையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில் கேரளத்தின் ஒரே கோலால் 4–3 என வெளியேறியது.

2015இல் மட்டராஸி பயிற்சியாளராக மட்டுமே இருந்தார். ஒரு கட்டத்தில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3–0 என வென்ற சென்னை, மறு ஆட்டத்தில் 2–1 எனத் தோற்றாலும் இறுதிக்குள் போனது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா அரங்கில் 87ஆவது நிமிடம்வரை 1–1 என இருந்த ஆட்டத்தில் கோவா முன்னிலை பெற்றது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் மேல் பட்டுப் பந்து உள்ளே போனது. ஈடுசெய்யும் நிமிடங்களில் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா மூன்றாவது கோலை அடித்தார். 3–2. வெள்ளத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த நகரத்துக்கு அந்தக் கோப்பை வந்து சேர்ந்தது. அடுத்த பருவத்தில் அணி சரிந்தது. 2017இல் மட்டராஸி விடைபெற்றார். 2018 மார்ச்சில் வேறொரு பயிற்சியாளரின் கீழ் சென்னை இரண்டாம் முறை பட்டம் வென்றபோது, நடுக்களத்தில் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ஆடினார்.

வரிசை

தடுப்பாட்ட மரபு 2006ஓடு நிற்கவில்லை. 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தை வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்த அணியின் தூண்கள் ஜியோர்ஜியோ கியெல்லினியும் லியோனார்டோ பொனுச்சியும். சமன் கோலை அடித்தவர் பொனுச்சி. போட்டியின் சிறந்த வீரர் விருது கோல்கீப்பர் டொன்னாரும்மாவுக்கு. ஆனால் அதே இத்தாலி 2018, 2022 உலகக் கோப்பைகளுக்குத் தகுதி பெறவில்லை. கோலைக் காக்கும் கலை இருந்தும், ரோஸ்ஸி, பாஜியோ போல் ஒரு வாய்ப்பில் ஆட்டத்தை முடிக்கும் ஆள் இல்லாத குறை அங்கே வெளிப்பட்டது.

பந்தாட்ட நயத்தால் அளந்தால் மெயாட்சா, ரிவேரா, பாஜியோ மூவரும் முன்னே வருவார்கள். கோல் அடிக்கும் ஆற்றலுக்கு ரீவாவும் பியோலாவும். அணியைத் தாங்கிய தோளுக்கு வாலெந்தினோ மட்சோலா. கோல்கீப்பர்களில் ஸோஃபும் புஃபோனும் சமமாக நிற்கிறார்கள். தடுப்பாட்டத்தில் ஃபக்கெத்தி, ஷிரேயா, பரேசி, மால்தினி, நெஸ்டா, கன்னவாரோ என்று ஒரே மூச்சில் ஆறு பெயர் சொல்ல முடிகிற நாடு வேறில்லை. இந்த எல்லாரிலும் ஒருவரைத் தலையில் வைக்க வேண்டுமானால் அது மால்தினி. ஃபக்கெத்தியின் ஓட்டம், ஷிரேயாவின் நாகரிகம், பரேசியின் கணிப்பு ஆகிய மூன்றும் அவரிடம் சேர்ந்திருந்தன. அவற்றை உச்ச நிலையில் கால் நூற்றாண்டு காத்தவரும் அவரே.